மலைச்சரிவுத் தோட்டத்துக்கு வெட்டிவேர் நாற்று: நட்டு வளர்த்தபின் எழுதும் மதிப்புரை

ஆளுயரம் வளர்ந்து காற்றில் அசையும் புல் ஒன்றைத் தோட்டத்தில் வைக்க வேண்டும் என்ற விருப்பம் இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. திருமண மேடைகளிலும் உணவக முகப்புகளிலும் தந்த நிறத்துக் காய்ந்த கதிர்களைப் பார்த்துப் பழகியவர்கள், நர்சரிக்குப் போனதும் பாம்பாஸ் புல்லைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் செம்பழுப்பு இலையுள்ள ஃபவுண்டன் புல்லை வாங்கி வருகிறார்கள். இவ்விரண்டுக்கும் பதிலாக, கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் சரிவான தோட்டத்தில் வெட்டிவேர் நாற்றுகளை நட்டு, சில மழைக்காலங்களையும் கோடைகளையும் கடந்துவிட்டோம். அந்த நாற்றை எப்படிப் பார்த்து வாங்குவது, நட்டபின் அது எப்படி நடந்துகொள்கிறது, எந்த இடத்தில் அதை நடவே கூடாது என்பதையெல்லாம், வாங்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெயில் விழும் சரிவோ வரப்போ ஓடைக்கரையோ உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம், பூவின் கவர்ச்சிக்காக மட்டும் புல் வளர்க்க நினைப்பவர்களுக்கு இது நிறைவு தராது.

பாம்பாஸ் புல் ஏன் வேண்டாம் என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் வெட்டிவேரின் அருமை அதோடு ஒப்பிட்டால்தான் முழுதாகத் தெரியும். அர்ஜென்டினா, உருகுவே, தெற்குப் பிரேசில் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த அந்தப் புல் தன் சொந்த மண்ணில் மற்றச் செடிகொடிகளோடு அடங்கித்தான் வாழ்கிறது. மூன்று மீட்டர் உயரம் எழும்பும் அதன் வெள்ளிக் கதிரின் அழகையும் மறுப்பதற்கில்லை. சிக்கல் அந்தக் கதிரிலேயே இருக்கிறது. நன்றாக முற்றிய ஒரே கதிரில் ஒரு லட்சம் விதைகள் வரை இருக்கக்கூடும். ஒவ்வொரு விதையும் மெல்லிய மயிரோடு சேர்ந்திருப்பதால், காற்று அதைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேர்க்கிறது. கலிஃபோர்னியாவுக்கு 1848இல் நர்சரிக்காரர்கள்தான் இதை அழகுச்செடியாகக் கொண்டுவந்தார்கள். பின்னர் கதிரை அலங்காரத்துக்கு விற்பதற்காகவே வயல்போலப் பயிரிட்டார்கள். இன்று அந்த மாநிலத்தின் கடலோர மணல்மேடுகளிலும் சாலையோரச் சரிவுகளிலும் இதைத் தூரோடு தோண்டி எடுப்பது ஓயாத வேலையாக இருக்கிறது. நியூசிலாந்தில் இதை விற்பதும் பெருக்குவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஸ்பெயின் 2013இல் ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்நாட்டின் வடகடற்கரையில் இதை ஒழிக்கத் தனித் திட்டமே நடந்தது.

“பெண் செடியை மட்டும் வைத்தால் விதை விழாது” என்று விற்பனையாளர்கள் சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. தனித்து நிற்கும் பெண் செடியைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மகரந்தம் தரும் செடி ஒன்றை அடுத்த தெருக்காரர் வாங்கி வைக்கும் நாளில் அந்தக் காப்பு போய்விடும். மேலும், பாம்பாஸ் புல்லின் நெருங்கிய உறவான ஜுபாட்டா புல் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை பிடிக்கும் இயல்புடையது. இளம் நாற்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கே கடினம் என்னும்போது, பெயர்ச்சீட்டை மட்டும் நம்பி மலைக்குக் கொண்டுவருவது சரியாகாது.

இது வெளிநாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மலையடிவாரமெங்கும் புதராக மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி அழகுச்செடியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. ஏரிகளை மூடிக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரையும் அதன் ஊதாப் பூவுக்காகத்தான் வரவேற்கப்பட்டது. நீலகிரியில் ஆங்கிலேயர்கள் தோட்டத்துக்கும் வேலிக்கும் கொண்டுவந்த கார்ஸ், ஸ்காட்ச் புரூம் என்னும் மஞ்சள் பூப்புதர்கள் சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் பரவி நிற்கின்றன. சோலைப் புல்வெளி என்பது வெறும் வெற்றிடம் அன்று. மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்ற, வரையாடு மேய்கின்ற நிலம் அது. தமிழ்நாடு அரசு 2022இல் ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் ஒரு கொள்கையையே வெளியிட வேண்டி வந்தது. கொடைக்கானல் மலையின் மேல்தட்டுப் புல்வெளிகள் எங்கள் தோட்டத்திலிருந்து காற்று எளிதில் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. அந்த நிலங்கள் வாட்டில் என்னும் அயல் மரத்தையும் தைல மரத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இன்னொரு பறக்கும் விதையை அவற்றின் பக்கம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஃபவுண்டன் புல்லைப் பற்றியும் இதேபோல எச்சரிக்கை தேவை, ஆனால் அங்கே கொஞ்சம் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பச்சை இலையுள்ள மூல இனம் வடஆப்பிரிக்காவையும் மேற்காசியாவையும் சேர்ந்தது; ஏராளமாக விதைத்துப் பரவுவது. ஹவாய்த் தீவுகளில் எரிமலைக் குழம்பு இறுகிய வறண்ட நிலங்களில் இது பரவி, காய்ந்த புல்லாகத் தீயை இழுத்துவந்து, அங்கிருந்த மரக்காடுகளையே சுருக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. செம்பழுப்பு நிறத்தில் விற்கப்படும் ‘ரூப்ரம்’ என்ற வகை பெரும்பாலும் விதை பிடிக்காதது. நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் அலுவலக வளாகங்களிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். சமவெளியில், நகருக்குள், உண்மையான ரூப்ரம் என்று உறுதியாகத் தெரிந்தால் அதை வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பச்சை வகையை மட்டும் எங்குமே வாங்க வேண்டாம் என்பேன்.

அப்படியானால் நம் ஊர்ப் புல்லாக இருந்தாலே போதுமா என்றால், அதுவும் போதாது. ஆற்றங்கரையில் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளைக் கதிர் விரிக்கும் நாணல் நம் மண்ணுக்கு உரியதுதான். பாம்பாஸுக்குப் பதில் நாணலை வையுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாணல் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் படர்வது. கூடவே காற்றில் விதையும் விடுவது. காவிரிப் படுகையின் மணல் திட்டில் அந்தக் குணம் வேண்டியதுதான். வீட்டுத் தோட்டத்தில் அதே குணம் இரண்டு ஆண்டுகளில் காய்கறிப் பாத்தியையும் காப்பிச் செடியின் அடியையும் பிடித்துவிடும். ஒரு பெரிய புல்லைப் பொறுப்போடு வளர்ப்பது என்றால், அதன் பிறப்பிடத்தோடு சேர்த்து, நட்ட இடத்தைவிட்டு அது நகருமா, எந்த வழியில் நகரும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

வெட்டிவேர் இந்தக் கேள்விக்குத் தருகின்ற பதில்தான் என்னை அதன்பால் ஈர்த்தது. இது இந்தியாவைச் சேர்ந்த புல், தூராகவே வளர்கிறது, அருகம்புல்லைப் போலத் தரையில் கொடி ஓட்டுவதில்லை, கோரையைப் போல மண்ணுக்கடியில் கிழங்கு விடுவதும் இல்லை. தென்னிந்தியாவில் வழிவழியாகப் பயிரிடப்பட்டுவரும் வகை பூத்தாலும் முளைக்கும் விதையைத் தருவதில்லை. மனிதர் தூரைப் பிரித்து நட்டால்தான் அது அடுத்த இடத்துக்குப் போகும். நீலகிரிக்கு வடபுறம் இருக்கும் குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லையில் நட்டுவருகிறார்கள். வரப்பில் நட்டது வயலுக்குள் இறங்கியதில்லை என்பதே அதன் நடத்தைக்கு நல்ல சான்று. 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் மண்ணரிப்பைத் தடுக்க இதை இந்தியாவில் பரிந்துரைக்கத் தொடங்கியபோது இந்த உழவர்களின் பழக்கமும் அவர்கள் கண்ணில் பட்டது. தாய்லாந்தில் மன்னர் பூமிபாலின் ஊக்கத்தால் 1990களில் இது மலைச்சரிவுகளிலும் சாலை வெட்டுகளிலும் பெருமளவில் நடப்பட்டது. பல நாடுகளில் மண் காக்க நடப்பட்டுள்ள வெட்டிவேர்ச் செடிகளின் மரபணுவைச் சோதித்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை விதையில்லாத ஒரே வகையின் வழிவந்தவை என்று தெரியவந்தது.

இதில் ஒரு கவனம் வேண்டும். வட இந்தியாவில் இயற்கையாக வளரும் வெட்டிவேர் வகைகள் முளைக்கும் விதையைத் தருபவை. ஆகவே “வெட்டிவேர் விதை” என்று பொட்டலத்தில் யாராவது விற்றால் அதைத் தொடவே வேண்டாம். தூர் பிரித்து உண்டாக்கிய நாற்றா என்று கேட்டு வாங்க வேண்டும். அதன்பிறகும் ஐயம் இருந்தால், முதல் முறை பூக்கும்போது சில கதிர்களை முற்றவிட்டு, உதிர்வதற்கு முன் வெட்டி, ஒரு தட்டில் ஈர மணல் பரப்பித் தூவி, நிழலில் வைத்துப் பார்க்கலாம். நாங்கள் அப்படிச் செய்து பார்த்தோம், ஒன்றும் முளைக்கவில்லை. முளைத்திருந்தால் கதிர் வரும்போதெல்லாம் வெட்டிவிட வேண்டும், அல்லது அந்தத் தூர்களை எடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டும்.

நாற்று இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, மண்ணில்லாமல் பிரித்துக் கட்டாகக் கட்டிய வெறும் நாற்று. மற்றொன்று, கறுப்புப் பையில் வேர்விட்டு வளர்த்த நாற்று. கட்டு நாற்று விலை குறைவு, மலைக்கு ஏற்றிவருவது எளிது. பை நாற்று விலை கூடுதல், ஆனால் பிழைப்பது உறுதி. நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் கட்டு நாற்றையும், வீட்டு முகப்பில் நாலைந்து தூர் போதுமென்றால் பை நாற்றையும் வாங்குவதே நல்லது. நாங்கள் வாங்கிய கட்டு நாற்றுகள் ஈரச் சாக்கில் சுற்றி வந்தன. நல்ல நாற்றில் இரண்டு மூன்று சிம்புகள், அதாவது தூரிலிருந்து கிளைத்த தண்டுகள், ஒன்றாக ஒட்டியிருக்கும். இலை ஒரு சாண் அளவுக்கு வெட்டப்பட்டிருக்கும். அடித்தண்டு விரலால் அழுத்தினால் அமுங்காமல் கெட்டியாக இருக்கும். வெளிமடலைக் கிழித்துப் பார்த்தால் வேர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெள்ளையாகக் கூரிய மொட்டு ஒன்று தெரியும். அந்த மொட்டுதான் நாற்றின் உயிர். அது பழுத்திருந்தாலோ காய்ந்து பழுப்பாக இருந்தாலோ மேலே எவ்வளவு பச்சை தெரிந்தாலும் பயனில்லை.

பை நாற்றில் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. பையின் மண்ணில் கோரைக்கிழங்கும் அருகம்புல் துண்டும் ஒளிந்து வரும். பொறுப்பான புல்லை வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அதன் மடியில் பொறுப்பில்லாத புல்லையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். பையைக் கிழித்ததும் மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, வேரை மட்டும் நடுவதே நல்லது. இன்னொரு குழப்பமும் நேர்கிறது: எலுமிச்சைப் புல்லையும் வெட்டிவேரையும் இளநாற்றில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை மணம் வருவது எலுமிச்சைப் புல். வெட்டிவேரின் இலையில் மணமே இருக்காது, வேரைக் கீறினால்தான் அந்த மண்வாசனை எழும். எங்கள் கட்டிலும் ஓரிரண்டு எலுமிச்சைப் புல் கலந்திருந்தது. விற்றவரிடம் சொன்னபோது மறுப்பின்றி மாற்றித் தந்தார்.

வகை என்று கேட்டால், லக்னோவில் இருக்கும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் தாரிணி, கேசரி, குலாபி முதலான வகைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றுள் தாரிணி மண் பிடிக்கும் பயனுக்கும் ஏற்றதாகச் சொல்லப்படுகிறது. தைலத்துக்காகப் பயிரிடுபவருக்கு வகை முக்கியம். வீட்டுத் தோட்டத்துக்கு உள்ளூரில் தூர் பிரித்த வகையே போதும்.

நடவுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் கோடைமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். கோடைமழையின் தொடக்கத்தில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் நட்டால் வேர்பிடிக்கும் முன்பே வெள்ளம் நாற்றை இழுத்துப் போகும். சரிவில் மண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் நாற்று வரிசை சரிவின் குறுக்கே, சமமட்டமாகப் போக வேண்டும். வரிசை சற்றே சாய்ந்தாலும் நீர் அந்தத் தாழ்ந்த முனையில் சேர்ந்து அங்கே உடைத்துக்கொண்டு இறங்கும். மூங்கில் குச்சிகளை ஆங்கில ‘A’ எழுத்தின் வடிவத்தில் கட்டி, நடுவில் கல் கட்டிய கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, மேஸ்திரிகள் மட்டம் பார்ப்பதுபோல நகர்த்தி நகர்த்திக் குச்சி நட்டுக்கொண்டு போனால் கருவி எதுவும் வாங்காமலேயே சமமட்டக் கோட்டைப் பிடித்துவிடலாம். வேலி வரிசைக்கு நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ. இடைவெளி, இதைவிட அகட்டி நட்டால் இடைவெளி மூட ஆண்டுகள் ஆகும். அழகுக்காகத் தனித் தூராக வைப்பவர்கள் ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் வளர்ந்த தூரின் இலைகள் நாலாபுறமும் வளைந்து அவ்வளவு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். குழியில் ஒரு கை தொழுவுரம் போதும்.

முதல் சில வாரங்கள் பொறுமையைச் சோதிக்கும். வெட்டிய இலை நுனிகள் பழுப்பேறிக் காயும். எல்லாம் செத்துவிட்டது என்றே தோன்றும். பிறகு அடியிலிருந்து வாள்போல நிமிர்ந்த ஓர் இளந்தளிர் வரும். அதுவரை ஈரம் குறையக் கூடாது, களையும் முந்தக் கூடாது. இந்தப் புல் பெரிய பிறகு எதற்கும் அஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் நட்ட முதல் நாலைந்து மாதங்களில் இதைவிட எளிதில் களைக்குத் தோற்கும் புல்லை நான் பார்த்ததில்லை. “ஒருமுறை நட்டால் போதும், பராமரிப்பே வேண்டாம்” என்று விற்பவர்கள் இந்த மாதங்களைப் பற்றிச் சொல்வதில்லை. அதை நம்பி நட்டுவிட்டுப் போகிறவர்கள், கோடை முடிந்து திரும்பி வரும்போது உண்ணிச்செடிப் புதரைத்தான் காண்பார்கள்.

தூர் கட்டத் தொடங்கியபின் நடப்பது வேறு. ஏறத்தாழ ஓராண்டில் வரிசை மூடிக்கொண்டது. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழிறங்குவதால் பக்கத்துச் செடிகளோடு போட்டியிடுவதில்லை. வரிசையை ஒட்டியே அவரையும் முள்ளங்கியும் போட்டிருக்கிறோம். நல்ல ஆழமண்ணில் வேர் மூன்று மீட்டருக்கும் கீழே போகும். எங்கள் மலைமண்ணில் அதற்கு முன்பே பாறை தட்டிவிடுகிறது. ஆனாலும் பாறைக்கு மேலே இருக்கும் மண்ணை வேர் விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த வேரின் இழுவிசை வலிமை சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று அளந்திருக்கிறார்கள். சாதாரண எஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. எண்ணைவிடக் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். கனமழை நின்றதும் குடை பிடித்துக்கொண்டு வரிசையின் மேற்புறம் போய்ப் பார்த்தால், சரிவில் இறங்கிய சருகும் குச்சியும் வண்டலும் தூர்களின் அடியில் அணை கட்டினாற்போல நின்றிருக்கும். தண்ணீர் மட்டும் தெளிந்து, தண்டுகளின் நடுவே மெல்லக் கசிந்து கீழே போகும். அந்த வண்டல் ஒவ்வொரு மழைக்கும் சேர்ந்து சேர்ந்து, வரிசைக்குப் பின்னால் தானாக ஒரு படிமேடையே உருவாகிவருகிறது. முன்பு அதே மழையில் ஓடைக்குச் செந்நீர் இறங்கிய இடம் அது.

அழகு எப்படி என்று கேட்பீர்கள். வெட்டிவேரின் பூ பாம்பாஸ் கதிரோடு போட்டிபோட முடியாது. ஆளுயரத்துக்கும் மேலே எழும் மெல்லிய தண்டில் ஊதாவும் பழுப்பும் கலந்த சிறு பூக்கள் அடுக்கடுக்காக வரும். மாலை வெயில் பின்னாலிருந்து படும்போது நன்றாக இருக்கும், நடுப்பகலில் கண்ணில் படாது. இதன் அழகு இலையில்தான். நீண்டு நுனி வளைந்த கரும்பச்சை இலைகள் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்வதும், பனிக்காலக் காலையில் இலைமுழுதும் நீர் கோத்து நிற்பதும் தினமும் பார்த்தாலும் சலிப்பதில்லை. நிறமும் பகட்டும் வேண்டுமென்றால் முன்வரிசையில் செம்பருத்தியோ கனகாம்பரமோ வைத்து, வெட்டிவேரைப் பின்னணியாக விடலாம். குவளையில் வைக்கும் காய்ந்த கதிர்தான் வேண்டும் என்பவருக்கு இது பயன்படாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பராமரிப்பில் விடக்கூடாத ஒன்று வெட்டுவது. வெட்டாமல் விட்ட தூரின் நடுவில் காய்ந்த இலை குவிந்து, பங்குனி, சித்திரை வெயிலில் தீக்கு இரையாகக் காத்திருக்கும். மலையில் காட்டுத்தீயின் காலமும் அதுதான். மாசிக்குள் தரையிலிருந்து 30 முதல் 40 செ.மீ. உயரத்தில் ஒருமுறையும், மழைக்காலத்தின் நடுவில் இன்னொரு முறையும் வெட்டிவிட்டால் தூர் அடர்ந்து புதிதாகத் துளிர்க்கும், தீயின் அச்சமும் குறையும். வெட்டிய இலையைக் காப்பிச் செடிக்கும் காய்கறிப் பாத்திக்கும் மூடாக்காகப் போடுகிறோம். இளம் இலையை மாடும் தின்னும். இலையின் ஓரம் அறுக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும். பாம்பாஸ் இலையின் ரம்பப் பற்கள் அளவுக்கு இது கொடியதன்று; இருந்தாலும் குழந்தைகள் ஓடும் நடைபாதை ஓரத்தில் வைக்காதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிழலில் இது நிற்காது. சில்வர் ஓக் மரங்களின் அடியில் நட்ட பகுதி மெலிந்து, இடையிடையே பற்கள் விழுந்த வரிசையாகிவிட்டது. வெயில் விழும் பகுதியில் அதே நாளில் நட்டவை தோளுயரம் நிற்கின்றன. உறைபனி விழும் மேல்மலையில் வளர்ச்சி மிகவும் மந்தமாக இருக்கும். கொடைக்கானல் நகரத்து உயரத்தில் இருப்பவர்கள் இதைப் பெரிதாக நம்பி வாங்க வேண்டாம். காட்டுமாடு இளந்தளிரை மேய்ந்துவிட்டுப் போகும். தூர் கட்டியபின் அது கேடில்லை, மேய்ந்ததும் துளிர்த்துவிடும், ஆனால் புதிதாக நட்ட நாற்றைக் குளம்பால் மிதித்துப் பெயர்த்துவிடும் என்பதால் முதல் ஆண்டு முள் அடைப்புத் தேவை.

வேரைப் பற்றிய ஆசையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் வரிசையைப் பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மா, “வெட்டிவேர்னா வெட்டி எடுக்கத்தானே தம்பி? எப்போ எடுக்கப்போறீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். கேள்வி நியாயமானதே. பானைத் தண்ணீரில் போடவும், விசிறிக்கும், தட்டிக்கும், சாமிக்கு மாலை கட்டவும் நமக்கு அந்த வேர் வேண்டும். கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் வேருக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள்; அங்கே நிலம் சமதளம், மணல் இளக்கம், வேரை முழுதாக உருவி எடுத்துவிட்டு மறுபடி நடலாம். சரிவில் அதையே செய்தால், ஆண்டுக்கணக்கில் இறுகிய மண்ணை ஆழமாகத் தோண்டி இளக்கி, அடுத்த மழைக்கு வாயைத் திறந்து வைத்ததாகிவிடும். சரிவு வரிசையின் வேரை எடுக்கவே கூடாது. வேர் வேண்டுமென்றால் பழைய சிமெண்ட் சாக்கிலோ உடைந்த பிளாஸ்டிக் பீப்பாயிலோ மணலும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, அதில் நாலைந்து நாற்றுகளைத் தனியே வளர்க்கலாம். ஒன்றரை ஆண்டில் சாக்கைக் கிழித்தால் வேர் முறியாமல் கையோடு வரும். அந்த அம்மாவுக்கும் இரண்டு சாக்கு நாற்று கொடுத்தோம்; இப்போது அவர் கோயிலுக்கு வேர் தருகிறார்.

ஏற்கெனவே பாம்பாஸ் வாங்கி வைத்துவிட்டவர்கள் என்ன செய்வது என்றும் சிலர் கேட்கிறார்கள். கதிர் மடலைவிட்டு வெளிவரும்போதே, மயிர் விரியும் முன், அடியில் வெட்டிவிட வேண்டும். முற்றிய கதிரை வெட்ட நேர்ந்தால் கோணிப்பையை முதலில் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு, பிறகு வெட்ட வேண்டும். குப்பைமேட்டிலோ ஓடைப் பக்கமோ போடக் கூடாது. செடியை எடுப்பதென்றால் இலையை முதலில் கட்டையாக வெட்டிவிட்டு, கடப்பாரையால் தூரின் அடிவரை தோண்டி எடுத்து, வேர் மேலே பார்க்கும்படி கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அலங்காரத்துக்கு வாங்கிய காய்ந்த கதிர்களிலும் விதை இருக்கலாம் என்பதால், அவை பழசானதும் வெளியே வீசாமல் பையில் மூடிக் கட்டியே அகற்றுங்கள்.

விலைக்குத் தகுமா என்றால், தாராளமாகத் தகும். கட்டு நாற்று ஒன்றின் விலை சில ரூபாய்தான். ஒரு வரிசை நன்றாகத் தூர் கட்டிவிட்டால் அடுத்த வரிசைக்கு அதிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம், மறுபடி வாங்கவே வேண்டியதில்லை. அதே சரிவுக்குக் கல்லடுக்கித் தாங்குசுவர் கட்டக் கேட்ட கூலியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. ஆனாலும் செங்குத்தான வெட்டுச்சுவருக்கு அடியில் வீடு இருந்தால் புல்லை மட்டும் நம்பாமல், பொறியாளரை அழைத்துக் காட்டிவிட்டுப் பிறகு நடுங்கள். மற்றவர்கள் மாசி, பங்குனியில் நர்சரியில் சொல்லிவைத்தால், கோடைமழை தொடங்கும் வாரத்தில் ஈரச்சாக்கில் கட்டிய புது நாற்று கைக்கு வரும். வந்த அன்றே நட்டுவிடுங்கள், முடியாவிட்டால் அடிப்பகுதி மட்டும் நனையும்படி தண்ணீரில் நிறுத்தி நிழலில் வையுங்கள்.